தகவலாளர் பட்டியலும் தொழில்நோய் ஆய்வும்: விருத்தாசலம் பீங்கான் தொழிலை முன்வைத்து நலவாழ்வு ஆய்வு வெளியீட்டின் அறப்பொறுப்புகள்

ஆய்வுச் சுருக்கம்

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளரிடையே உடல்நலம் குறித்துக் கள ஆய்வு மேற்கொள்ளும் தமிழியல் ஆய்வாளர், தம் முடிவுகளை வெளியிடும்போது ஏற்கவேண்டிய அறப்பொறுப்புகளை இக்கட்டுரை விளக்குகிறது. நாட்டுப்புறவியல் ஆய்வேடுகளில் வேரூன்றிய ‘தகவலாளர் பட்டியல்’ என்னும் மரபு, நோய் பற்றிய ஆய்வுக்குள் அப்படியே புகும்போது தீங்காகிறது. அத்தீங்குக்கு அஞ்சி முடிவையே வெளியிடாது விடுதல் அதனினும் பெருந்தீங்காகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி எது என்பதே இக்கட்டுரையின் வினா.

திறவுச்சொற்கள்: விருத்தாசலம், பீங்கான் தொழில், சிலிக்கோசிஸ், தகவலாளர் பட்டியல், ஒப்புதல், ஆய்வறம்

முன்னுரை

விருத்தாசலம் என்றதும் தமிழ் பயின்றோர்க்குத் திருமுதுகுன்றமும் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் நினைவுக்கு வரும். அவ்வூருக்கு மற்றொரு முகமும் உண்டு. அகல்விளக்கு, கொலுப்பொம்மை, தேநீர்க் கோப்பை, மின்சாரத் தடுப்பான் முதலிய பீங்கான் பொருள்களைச் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் நிறைந்த செராமிக் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் பயிற்றும் அரசுக் கல்வி நிறுவனமும் அங்கு உள்ளன. அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை அகழும்போது வெண்களிமண்ணும் கிடைப்பது இத்தொழிலுக்குத் துணையாயிற்று.

தொழில்வழக்குச் சொற்கள், தொழிலாளர் வாழ்வியல், வாய்மொழி வரலாறு ஆகிய தலைப்புகளில் தமிழ்த்துறை ஆய்வாளர்கள் இத்தகைய ஊர்களுக்குச் செல்வது இயல்பு. சொல் திரட்டச் சென்றவரிடம் தொழிலாளி தம் இருமலைப் பற்றியும் பேசுவார். அக்கணத்தில் மொழியாய்வு நலவாழ்வு ஆய்வாக மாறிவிடுகிறது. இம்மாற்றத்தை நாம் போதிய அளவு உணர்ந்ததாகத் தோன்றவில்லை. இக்கட்டுரை மருத்துவக் கணக்கெடுப்பு எதனையும் முன்வைக்கவில்லை. ஒரு சிறுநகரில் ஒரே தொழிலைச் சார்ந்து வாழும் மக்களின் நோயைப் பற்றி எழுதுவோர்க்கு உரிய கடப்பாடுகளை மட்டுமே பேசுகிறது.

தூசியும் நோயும்

பீங்கான் கலவையின் முதன்மைப் பொருள்கள் களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்னும் வெங்கச்சங்கல் ஆகிய மூன்றும் ஆகும். கல்லைப் பொடியாக்கும்போதும், பொடியைச் சலித்துக் கொட்டும்போதும், காய்ந்த பொருளின் விளிம்பைத் தேய்த்துச் சீர்செய்யும்போதும், தரையைப் பெருக்கும்போதும் படிகச் சிலிக்காவின் நுண்துகள் காற்றில் எழுகிறது. மண் ஈரமாக இருக்கும்வரை இடர் குறைவு, காய்ந்தபின் மிகுகிறது. கண்ணுக்குப் புலனாகும் புழுதியின் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குப் புலனாகாத துகளே நுரையீரலின் ஆழம்வரை சென்று வடுவை உண்டாக்குகிறது. இதுவே சிலிக்கோசிஸ். இந்நோயை முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை. தொழிலை விட்டு நீங்கிய பின்னரும் இது முற்றக்கூடும், காசநோய்க்கும் வழிதிறந்துவிடும்.

இவ்வறிவு புதியதன்று. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் பீங்கான் தொழிலாளர்களிடையே பணியாற்றிய மருத்துவர் ஆர்லிட்ஜ், தொழில்களும் அவை தரும் நோய்களும் பற்றிய தம் பெருநூலை 1892இல் வெளியிட்டார். சிலிக்கோசிஸ் குறித்த பன்னாட்டு மாநாடு 1930இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் உலக நலவாழ்வு நிறுவனமும் இந்நோயை 2030க்குள் ஒழிக்கும் திட்டத்தை 1995இல் தொடங்கின. பணியிடத்தில் சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது. இந்தியாவில், அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சிறுதொழில் பீங்கான் கூடங்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1995இல் இந்திய மருத்துவ ஆய்விதழில் வந்தது. தூசி, சிலிக்கோசிஸ், காசநோய் ஆகிய மூன்றையும் அக்கட்டுரை தன் தலைப்பிலேயே ஒன்றுசேர்த்திருந்தது குறிப்பிடத்தக்கது.

சட்டமும் இதனை அறியும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிஸை அறிவிக்கப்படவேண்டிய நோய்களுள் ஒன்றாக மூன்றாம் அட்டவணையில் வைத்திருந்தது. தொழிற்சாலையில் பணிபுரியும் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கருதும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும் என்றது அதன் 89ஆம் பிரிவு. ஆயின் அச்சட்டப்படி மின்விசையுடன் 10 பேரும், மின்விசையின்றி 20 பேரும் பணிபுரியும் இடமே பொதுவாகத் தொழிற்சாலை எனப்பட்டது. 2020ஆம் ஆண்டின் பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இவ்வரம்பை 20, 40 என உயர்த்தியது. ஆறேழு பேர் வேலைசெய்யும் கூடம் இவ்வரையறைக்குள் எளிதில் வாராது. அத்தகைய இடத்தில் நோயைப் பதிவுசெய்யும் ஒரே ஆவணமாக ஓர் ஆய்வேடே அமைந்துவிட வாய்ப்புண்டு. ஆய்வாளரின் பொறுப்பு இங்குதான் கனக்கத் தொடங்குகிறது.

தகவலாளர் பட்டியல் என்னும் மரபு

தமிழ்த்துறைகளில் கள ஆய்வு அடிப்படையில் எழுதப்படும் ஆய்வேட்டின் இறுதியில் தகவலாளர் பட்டியல் இடம்பெறும். பெயர், வயது, பால், கல்வி, தொழில், ஊர் ஆகியன வரிசையாகக் கொடுக்கப்படும். பல ஏடுகளில் சாதியும் இருக்கும். இம்மரபு தோன்றியதற்கு நல்ல காரணங்கள் உண்டு. பாட்டும் கதையும் பழமொழியும் சொன்னவர்கள் பெயரற்ற ‘மக்கள்’ ஆகிவிடாமல் தனித்த ஆளுமைகளாக மதிக்கப்படவேண்டும் என்பது ஒன்று. ஆய்வாளர் உண்மையில் களத்துக்குச் சென்றார் என்பதற்குச் சான்று வேண்டும் என்பது மற்றொன்று. தாலாட்டுப் பாடிய மூதாட்டியின் பெயரை விட்டுவிட்டு, திரட்டியவர் பெயரை மட்டும் அட்டையில் இடுவது அறமாகாது.

தாலாட்டுக்குப் பொருந்துவது நுரையீரலுக்குப் பொருந்தாது. பாடியவர் என்று அறியப்படுவதால் ஒருவருக்குப் பெருமை; நோயுற்றவர் என்று அறியப்பட்டால் அவர் வேலையை இழக்கலாம். சிலிக்கோசிஸ் காசநோயோடு குழப்பிக்கொள்ளப்படுவது என்பதால் அண்டை வீட்டார் ஒதுங்கலாம். மகளின் திருமணப் பேச்சு தடைப்படலாம். கூடத்தின் பெயர் வெளிப்பட்டால் தம்மைக் காட்டிக்கொடுத்தவர் யார் என்று உரிமையாளர் தேடலாம். அவ்வுரிமையாளரும் பெரும்பாலும் பெருமுதலாளி அல்லர். பருவகாலத்து ஆணையை நம்பிக் கடன் வாங்கியவர். அவரது அச்சமும் உண்மையானதே. எனினும் அந்த அச்சத்தின் சுமை இறுதியில் தொழிலாளியின் மேல்தான் இறங்கும்.

முன்பு ஆய்வேடு கட்டம் செய்யப்பட்டுத் துறை நூலகத்தின் அடுக்கில் உறங்கும். பட்டியலைப் புரட்டிப் பார்ப்பவர் வாய்மொழித் தேர்வாளர் ஒருவரே. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் மின்வடிவில் அளிக்கப்பட்டு, இன்ஃப்லிப்நெட் நடுவத்தின் சோத்கங்கா தொகுப்பில் ஏற்றப்படுகின்றன. அறிவு பொதுவாக்கப்படுவது வரவேற்கத்தக்கது. ஆனால் பட்டியலும் உடன் ஏறிவிடுகிறது. சுந்தரர் திருமுதுகுன்றத்து மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்ததாகப் புராணம் கூறும். பல்கலைக்கழகத்தில் இட்ட தகவலாளர் பட்டியல் பக்கத்து வீட்டுக் கைபேசியில் வந்து மிதப்பதும் அத்தகையதே. எடுப்பவர் மட்டும் வேறு.

இதனைப் பிறர் குறையாக மட்டும் கூறுவதற்கில்லை. இக்கட்டுரையாளரின் இளமுனைவர் பட்ட ஆய்வேடு மகப்பேறு சார்ந்த நாட்டு மருத்துவம் பற்றியது. குழந்தைப்பேற்றுக்காகத் தாம் பல ஆண்டுகள் உண்ட மருந்தைப் பற்றி ஒரு பெண்மணி கூறியவை அதன் மூன்றாம் இயலில் உள்ளன. அவர் பெயர் இயலில் இல்லை. ‘தகவலாளர் 9’ என்ற எண் மட்டும் உண்டு. பின்னிணைப்பைத் திறந்து ஒன்பதாம் எண்ணைப் பார்த்தால் பெயரும் வயதும் தெருவும் இருக்கும். கல்லூரியில் பயிலும் அவரது உறவுப்பெண் ஒருவர் அதனை இணையத்தில் படித்துவிட்டு வீட்டில் கேட்டிருக்கிறார். “படிப்புக்குன்னுதானே கேட்ட, தம்பி” என்று மட்டுமே அப்பெண்மணி தொலைபேசியில் கூறினார். ஒப்புதல் பெற்றிருந்தேன் என்று அவரிடம் வாதிட இயலவில்லை. பெற்ற ஒப்புதல் பேசுவதற்கானது; வெளியிடுவதற்கானது அன்று.

பெயர் நீங்கினால் ஆள் மறைவாரா?

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பது பொதுவான தீர்வு. பெருநகர மருத்துவமனை ஒன்றில் ஆயிரக்கணக்கானோரிடம் திரட்டப்பட்ட தரவுக்கு அது ஓரளவு பொருந்தும். சிறுநகருக்குப் பொருந்தாது. ‘அரவை உருளையில் 22 ஆண்டுகள் பணிபுரிந்த, 52 வயதான, இரண்டு முறை காசநோய்ச் சிகிச்சை பெற்ற ஆண்’ என்று எழுதினால், தொழிற்பேட்டையின் தேநீர்க்கடையில் அமர்ந்திருப்பவர் எவரும் அவர் இன்னார் என்று சொல்லிவிடுவார். பெயரில்லாத அவ்விவரிப்பே பெயராகிவிடுகிறது.

புனைபெயர் இடுவதிலும் சிக்கல் உண்டு. தமிழ்ப் பெயர் வெறும் அடையாளக்குறி அன்று. சமயம், சாதி, வட்டாரம், தலைமுறை ஆகியவற்றை ஓரளவு உணர்த்துவது. உண்மைப் பெயரின் சாயலில் புனைபெயர் தேடினால் ஆள் தெரிந்துவிடுவார். முற்றிலும் மாறான பெயரை இட்டால் அவர் சமூகப் பின்னணியைப் பற்றிப் பொய்யுரைத்ததாகும். எழுத்தும் எண்ணுமே இத்தகைய ஆய்வுக்குத் தகுந்தவை. அவ்வெண்ணைப் பெயரோடு இணைக்கும் திறவுகோல் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இருத்தல் கூடாது. ஒளிப்படங்களும் இவ்வாறே. முகத்தை மறைத்துவிட்டு, பின்புறச் சுவரிலுள்ள கூடத்தின் பெயர்ப்பலகையை விட்டுவைத்த படங்களைக் கட்டுரைகளில் காணமுடிகிறது.

அதிகம் பேசப்படாத இடர் ஒன்று உண்டு. ஒரே கள ஆய்வைத் துண்டுதுண்டாக்கி மூன்று, நான்கு கட்டுரைகளாக வெளியிடும் வழக்கம் ஆய்வுத்தரத்துக்குக் கேடு என்பதை அனைவரும் அறிவர். ஆய்வேடு அளிக்கும் முன் கட்டுரை வெளியிடவேண்டும் என்ற கட்டாயத்தை 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் மானியக் குழு நீக்கியது. பணிவாய்ப்புக்கான புள்ளிக் கணக்கு தொடர்வதால் நெருக்கடி நீங்கவில்லை. இவ்வழக்கம் மறைவடக்கத்துக்கும் கேடு என்பதே இங்குக் கூறவேண்டியது. முதற் கட்டுரையில் வயதும் ஊரும் வரும். இரண்டாவதில் செய்யும் வேலையும் குடும்ப அமைப்பும் வரும். மூன்றாவதில் நோய் வரும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் குற்றமற்றது. ஆசிரியர் பெயரைக் கொண்டு மூன்றையும் தேடி எடுத்து அருகருகே வைப்பவர்க்கு முழு மனிதர் கிடைத்துவிடுவார். ஆகவே ஒரு கட்டுரையை அனுப்புமுன், அதே களத்திலிருந்து தாம் ஏற்கெனவே வெளியிட்டவற்றோடு அதனைச் சேர்த்துப் படித்துப் பார்ப்பது ஆய்வாளரின் கடமை.

இதழ்களின் பங்கும் உண்டு. ‘தகவலாளர் விவரம் இணைக்கப்படவில்லை’ என்பது தமிழ்க் கட்டுரைகளுக்கு மதிப்பீட்டாளர்கள் எழுதும் வழக்கமான குறிப்பு. நலவாழ்வு சார்ந்த கட்டுரைக்கு இக்குறிப்பை எழுதுமுன் மதிப்பீட்டாளர் ஒருகணம் நிற்கவேண்டும். களச்சான்றை ஆசிரியர் குழு தனியே பார்வையிட்டு உறுதிசெய்யலாம்; அச்சிடவேண்டியதில்லை.

மறைத்தலின் தீங்கு

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, இத்தகைய ஆய்வை வெளியிடாதிருப்பதே பாதுகாப்பு என்று முடிவுகட்டினால் அது பெரும்பிழை. தொழில்நோய் வரலாற்றில் மிகுந்த உயிர்களைக் கொண்டது வெளியிடாமையே. அமெரிக்காவின் சாரனாக் ஆய்வகத்தில் லீராய் கார்ட்னர் ஆஸ்பெஸ்டாஸ் தூசி பற்றி மேற்கொண்ட சோதனைகளுக்கு 1936 முதல் ஜான்ஸ்-மான்வில் உள்ளிட்ட நிறுவனங்கள் பொருளுதவி செய்தன. முடிவுகள் பணம் அளித்தவர்க்கே உரியன, எதனை எவ்வளவு வெளியிடுவது என்பதை அவர்களே முடிவுசெய்வர் என்பது நிபந்தனை. சோதனை எலிகளில் கட்டிகள் தோன்றியதைக் கார்ட்னர் கண்டார். 1946இல் அவர் இறந்தார். 1951இல் ஆய்வு அச்சேறியபோது புற்றுநோய் பற்றிய செய்தி அதில் இல்லை. பணம் தந்தவரின் நலன் ஒரு பத்தியை நீக்கியது. அப்பத்தி தேவைப்பட்டவர்கள் தொழிற்சாலைகளில் இருந்தனர்.

இதற்கு எதிர்நிலையான இந்திய நிகழ்வு ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா முதலிய பழங்குடி மாவட்டங்களிலிருந்து குஜராத்தின் கோத்ரா பகுதிக் குவார்ட்ஸ் அரவை ஆலைகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் சிலிக்கோசிஸால் மாண்டனர். மக்கள் அமைப்புகள் ஊர் ஊராகச் சென்று நோயுற்றோரையும் இறந்தோரையும் கணக்கெடுத்தன. தேசிய மனித உரிமைகள் ஆணையம் விசாரித்தது. இறந்த 238 பேரின் குடும்பத்துக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2016 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் குஜராத் அரசுக்கு ஆணையிட்டது. இங்கும் இருந்தது ஒரு பெயர்ப்பட்டியலே. பெயரின்றி இழப்பீடு பெறுதல் எவ்வாறு இயலும்?

ஆகப் பட்டியல் தன்னளவில் தீயதன்று. அது யார் கையில், யாருடைய விருப்பத்தின் பேரில், எதற்காக இருக்கிறது என்பதே வினா. நீதி கேட்பதற்காகத் தம் பெயரைத் தாமே தருபவரின் பட்டியலும், பட்டம் பெறுவதற்காகப் பிறர் பெயரை இணைத்தவரின் பட்டியலும் ஒன்றாகா. 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டமும் சிலிக்கோசிஸைத் தொழில்நோயாக ஏற்றிருந்தது. ஒரு தொழிலாளி அவ்வுரிமையைக் கோர விரும்பினால், தம்மைப் பற்றிய குறிப்புகளின் படியை ஆய்வாளரிடம் பெற அவருக்கு உரிமை இருக்கவேண்டும். மறைவடக்கம் அவரைக் காப்பதற்காக ஏற்பட்டது. அவரிடமிருந்தே அவர் நோயை மறைப்பதற்காக அன்று.

ஊரின் பெயரை வெளியிடலாமா என்பது இதனினும் கடினமான வினா. ‘வட தமிழகத்துத் தொழில்நகர் ஒன்று’ என்று எழுதினால் விருத்தாசலத்து மக்களுக்குத் தீங்கு குறையலாம். அவ்வூரில் தூசித்தடுப்பு வேண்டும், ஊடுகதிர்ப் பரிசோதனை வேண்டும் என்று கேட்பதற்கான சான்றும் குறைந்துவிடும். ஊரைக் குறிப்பிடுவதும் கூடத்தையும் ஆளையும் மறைப்பதுமே தகும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. எண்ணிக்கை மிகச் சிறிதாகும் இடத்தில், எடுத்துக்காட்டாக ஒரு வேலைப்பிரிவில் மூவரோ நால்வரோ மட்டும் இருக்கும்போது, அப்பிரிவைத் தனியே காட்டாமல் மற்றொன்றோடு சேர்த்துக் காட்டவேண்டும். இதனால் பகுப்பாய்வின் கூர்மை சற்று மழுங்கும். அவ்விழப்பை ஏற்கத்தான் வேண்டும்.

‘நோய் இல்லை’ என்னும் முடிவு

ஆய்வின் முடிவில் நோய் மிகக் குறைவு என்று தெரியவந்தால் என்ன செய்வது? அதனையும் வெளியிடவேண்டும். 1964இல் முதன்முதலாக ஏற்கப்பட்டு 2024இல் இறுதியாகத் திருத்தப்பட்ட ஹெல்சின்கி சாற்றுரை, எதிர்மறை முடிவையும் உறுதியற்ற முடிவையும் பொதுவெளியில் வைப்பது கடமை என்கிறது. தமிழகத்திலேயே இதற்குச் சிறந்த முன்மாதிரி உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை உலகின் மிகப்பெரிய சோதனைகளுள் ஒன்று. நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற எதிர்பாராத முடிவு 1979இல் வெளியானது. பதினைந்தாண்டுத் தொடர்கண்காணிப்பின் முடிவும் 1999இல் வெளியிடப்பட்டது. நாடெங்கும் போடப்பட்டுவந்த ஊசிக்கு எதிரான முடிவு அது, ஆயினும் ஒளிக்கப்படவில்லை.

பீங்கான் தொழிலைப் பொறுத்தவரை இதில் ஒரு பொறி உள்ளது. கூடத்துக்குச் சென்று இன்று வேலைசெய்பவரை மட்டும் சோதித்தால் நலமுடையோரே மிகுதியாகக் கிடைப்பர். மூச்சுத்திணறல் வந்தவர் வேலையை விட்டு வீட்டில் இருப்பார்; சிலர் சொந்த ஊர் திரும்பியிருப்பர்; சிலர் உயிரோடு இரார். ‘நோய் இல்லை’ என்று நேர்மையாக எழுதப்பட்ட கட்டுரையே, யாரைக் காணவில்லை என்பதைக் கூறாதபோது பொய்யாகிவிடுகிறது. அதனைக் கையிலேந்தி ‘இங்கு இடர் இல்லை’ என்று கூறுவோர் வருவர். வேலையை விட்டவர்களைத் தேடிச்செல்லாத ஆய்வு அவ்வாறு செல்லவில்லை என்பதைச் சுருக்கத்திலேயே குறிப்பிடவேண்டும்; பின்பக்கத்து வரம்புகளுள் ஒன்றாக ஒளித்துவைத்தல் ஆகாது.

ஒப்புதலும் திரும்பச் சொல்லுதலும்

இந்திய மருத்துவ ஆய்வுக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய அறநெறி வழிகாட்டுதல்களில், நலவாழ்வு தொடர்பான சமூக அறிவியல் ஆய்வுக்கெனத் தனி இயல் உள்ளது. எளிதில் பாதிப்புறக்கூடியோர் பற்றிய இயலும் உள்ளது; மேலாளருக்குக் கட்டுப்பட்ட பணியாளரும் அதில் அடங்குவர். ‘நாங்கள் ஊசி போடவில்லை, இரத்தம் எடுக்கவில்லை’ என்று தமிழ்த்துறை ஆய்வாளர் விலகிநிற்க இயலாது. உரையாடல் வழியாகத் திரட்டப்பட்டாலும் நோய் நோயே. பல்கலைக்கழகத்தின் அறக்குழு மருத்துவ, உயிரியல் துறைகளுக்கு உரியது என்ற எண்ணத்தை விட்டு, தலைப்பைப் பதிவுசெய்யும் கட்டத்திலேயே அக்குழுவை அணுகவேண்டும்.

உரிமையாளரின் இசைவோடு கூடத்துக்குள் நுழைவது தவிர்க்க முடியாதது. அவர் முன்னிலையில் தொழிலாளியிடம் ஒப்புதல் கேட்பது தவிர்க்கவேண்டியது. ‘முதலாளி சொல்லிவிட்டார்’ என்று தலையசைப்பது ஒப்புதல் ஆகாது. வேலை முடிந்தபின், வேறிடத்தில், இரு தனித்தனி வினாக்களாக அது கேட்கப்படவேண்டும். ஒன்று, பேசச் சம்மதமா என்பது. மற்றொன்று, பேசியது நூலாக, இணையத்தில், எவரும் படிக்கும்படி வரச் சம்மதமா என்பது. இரண்டாவதைக் கேட்கும்போது கைபேசியில் ஓர் ஆய்வேட்டைத் திறந்து காட்டுவது பல பக்க விளக்கத்தைவிடப் பயன்தரும்.

அச்சேறுமுன் முடிவை முதலில் அறியவேண்டியவர் தொழிலாளி. படிப்பறிவு குறைந்தவராயின் படித்துக்காட்ட வேண்டும். ஊடுகதிர்ப் படமோ மருத்துவச் சீட்டோ ஆய்வாளர் கைக்கு வந்திருந்தால், மாவட்ட அரசு மருத்துவமனைக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் செல்லும் வழியை அவருக்குச் சொல்லவேண்டும். நோயை அறிவிக்கும் கடமை மருத்துவருக்கே உரியது என்பது சட்டப்படி சரி. அறிந்த ஒன்றை அறியாதவர்போல் வைத்துக்கொண்டு கட்டுரை எழுதுவது எந்தச் சட்டத்தாலும் தடுக்கப்படவில்லை என்பதும் சரி.

படித்துக்காட்டியபின் ‘இந்தப் பத்தி வேண்டாம்’ என்று ஒருவர் கூறினால் அப்பத்தியை நீக்கவேண்டும். அதுவே இயலின் மையச் சான்றாக இருந்தாலும் நீக்கவேண்டும். ‘இதெல்லாம் எழுதக்கூடாது’ என்று உரிமையாளர் கூறினால் நீக்கவேண்டியதில்லை. அவரது மறுப்பையும் அவர் கூறும் காரணத்தையும் கட்டுரையில் பதிவுசெய்யலாம். இரண்டும் மறுப்பே எனினும் ஒருவர் தம் உடலைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் பிறர் உடலைப் பற்றிப் பேசுகிறார்.

திறவுகோல் பட்டியலை நெறியாளரிடம் முத்திரையிட்ட உறையில் ஒப்படைப்பதும், வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் மட்டும் அதனைப் பார்த்துத் திருப்பியளிப்பதும், சோத்கங்காவுக்கு அனுப்பும் மின்படியில் அப்பக்கங்கள் இல்லாதிருப்பதும் பல்கலைக்கழக விதிகளுக்கு முரணானவை அல்ல. துறைக்குழு ஒன்றுகூடித் தீர்மானித்தால் அடுத்த கல்வியாண்டிலேயே நடைமுறைக்கு வரக்கூடியவை. முன்னரே ஏறிவிட்டவற்றை மீட்பது அவ்வளவு எளிதன்று. மேலே குறிப்பிட்ட இளமுனைவர் ஆய்வேட்டின் பின்னிணைப்பை நீக்கித்தருமாறு விண்ணப்பித்து, நான்கு மாதங்களுக்குப்பின் மின்படி மாற்றப்பட்டது. அச்சுப்படி நூலக அடுக்கில் இருக்கிறது.